320-க்கு மேல் ஓடுவது எப்படி? குவேக்கின் வேகக் கணக்கும் ஒரு ரசிகனின் ஆசையும்

குவேக் 3 அரீனா என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் யாரை எடுத்து ஆடினாலும் ஓட்ட வேகம் ஒன்றுதான்: நொடிக்கு 320 அலகு. வாயில் சுருட்டோடு நிற்கும் சார்ஜ் ஆகட்டும், காலுக்குப் பதில் கையை ஊன்றி நடக்கும் கண்ணுருண்டை ஓர்ப் ஆகட்டும், அதே 320. வேகமாக ஓடத் தனிப் பொத்தான் கிடையாது. சில வரைபடங்களில் (ஆட்டம் நடக்கும் களங்களை அப்படித்தான் சொல்வோம்) வேகத்தைக் கூட்டும் ஹேஸ்ட் என்ற பொருள் கிடக்கும், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

விஷயம் இப்படியிருக்க, புதிதாக ஆட வந்தவர் நேரான நடைவழியில் முன்னால் போகும் கீயை அழுத்திப் பிடித்து ஓடிக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து ஒருவன் துள்ளித் துள்ளி வந்து அவரைத் தாண்டிப் போய், மூலையில் திரும்பி மறைந்தே விடுவான். "இவன் ஏதோ ஏமாத்துறான்" என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கல்லூரி விடுதியில் ஆடிக்கொண்டிருந்தோம். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போய் அவன் திரையையே பார்த்தேன். ஏமாற்று ஒன்றும் இல்லை. இடது கை நாலு கீயில், வலது கை மவுஸில், என்னுடையதைப் போலவே. "குதிச்சுக்கிட்டே வளைடா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்கு மேல் அவனுக்கும் விளக்கத் தெரியவில்லை.

இந்தத் துள்ளலுக்கு ஸ்ட்ரேஃப் ஜம்ப் என்று பெயர். அடுத்த குவேக்கில் என்ன இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் முதலில் கேட்பது இதைத்தான். கிராபிக்ஸும் கதையும் அதற்குப் பிறகு. ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் போகாது, பயப்பட வேண்டாம்.

குவேக் என்றால் எது?

தொடரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டெக்சாஸ் மாநிலத்தின் மெஸ்கீட் நகரில் இருந்த ஐடி சாஃப்ட்வேர் 1993-இல் டூம் விளையாட்டை வெளியிட்டது. அதே நிறுவனம் 1996 ஜூனில் முதல் குவேக்கைக் கொண்டுவந்தது. டூமின் உலகம் முழு முப்பரிமாணம் இல்லை. ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறையை அதில் கட்ட முடியாது. குவேக்கில் கட்டலாம். ஜான் கார்மாக்கும் மைக்கேல் ஆப்ராஷும் ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளான என்ஜினில் உழைத்தார்கள், ஜான் ரொமேரோ முதலானோர் வரைபடங்களைச் செய்தார்கள், நைன் இஞ்ச் நெய்ல்ஸ் இசைக்குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் ஒலியும் இசையும் தந்தார். ஆணி சுடும் துப்பாக்கிக்கான தோட்டாப் பெட்டியில் அந்தக் குழுவின் சின்னமே பொறிக்கப்பட்டிருக்கும். பிறகு குவேக் 2 (1997), குவேக் 3 அரீனா (1999), ரேவன் சாஃப்ட்வேர் செய்த குவேக் 4 (2005). அதன் பிறகு எண் போட்ட குவேக் எதுவும் வரவில்லை. அண்ணன் டூமுக்கு 2016, 2020, 2025 என்று வரிசையாகப் புது ஆட்டங்கள். தம்பிக்கு முதல் இரண்டு பாகங்களின் மெருகேற்றிய பதிப்புகளும் குவேக் சாம்பியன்ஸும்தான்.

இவற்றில் துள்ளலை விளக்கச் சுலபமானது குவேக் 3. அதன் சோர்ஸ் கோடை, அதாவது ஆட்டத்தை எழுதிய நிரலை, ஐடி சாஃப்ட்வேரே 2005 ஆகஸ்டில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. ஆகவே இனி வரும் எண்கள் மன்ற வதந்திகள் அல்ல, கோடிலேயே இருப்பவை.

நிழலை மட்டும் பார்க்கும் காவலர்

ஆட்டம் உங்கள் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது? நாம் நினைப்பது: "320-ஐத் தொட்டுவிட்டாயா? போதும், நில்." அப்படி எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. உண்மையில் கோடு கேட்கும் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி: "நீ எந்தத் திசையில் போக விரும்பி கீயை அழுத்துகிறாயோ, அந்தத் திசையில் உன் வேகம் எவ்வளவு?"

ஒரு குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சியின் நீளம்தான் உங்கள் வேகம், அது நீட்டியிருக்கும் பக்கம்தான் நீங்கள் போய்க்கொண்டிருக்கும் திசை. உச்சி வெயிலில் அதைத் தரையில் படுக்க வைத்தால் நிழலும் குச்சியும் ஒரே நீளம். ஒரு முனையைத் தூக்கிச் சாய்த்தால் நிழல் சுருங்கும், குச்சியின் நீளம் மாறாது. குவேக்கின் காவலர் குச்சியை அளப்பதில்லை. நீங்கள் கீ அழுத்தும் திசையின்மேல் விழும் நிழலைத்தான் அளக்கிறார். நிழல் 320-க்குக் குறைவா? "சரி, இந்தா இன்னும் கொஞ்சம் வேகம்" என்று கொடுத்துவிடுவார்.

எண்ணோடு பார்ப்போம். நீங்கள் ஏற்கெனவே 400 வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே திசையில் கீ அழுத்தினால் நிழல் 400. காவலர் எதுவும் தர மாட்டார். 20 டிகிரி விலக்கி அழுத்தினால் நிழல் 376, அதற்கும் கிடையாது. 45 டிகிரி விலக்கினால் நிழல் 283. இப்போது அவர் கண்ணுக்கு நீங்கள் மெதுவாகப் போகும் ஆள், கொடுக்கிறார். எல்லைக்கோடு எங்கே? 400-ஐ எந்தக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் 320 வருமோ அங்கே, அதாவது சுமார் 37 டிகிரியில். அதற்குச் சற்று மேலே நின்றால் அதிகம் கிடைக்கும். அதிகமாக விலகினால் கிடைப்பது உங்கள் திசையை வளைக்கத்தான் உதவும், வேகத்துக்குப் பெரிதாக உதவாது. 90 டிகிரிக்கு மேல் போனால் வேகம் குறையவே செய்யும்.

எவ்வளவு கொடுப்பார்? ஆட்டம் திரையில் வரையும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். நொடிக்கு 125 ஃப்ரேமில் ஆடினால் காற்றில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 2.56 அலகு. சொற்பம்தான். ஆனால் ஒரு குதியில் எத்தனை ஃப்ரேம் என்று பாருங்கள். குதிக்கும்போது மேல்நோக்கிய வேகம் 270, புவியீர்ப்பு 800, ஆக ஒரு குதி 0.675 நொடி. அதாவது 84 ஃப்ரேம். கோணத்தைத் துல்லியமாகப் பிடித்துக்கொண்டே போனால், 320-இல் கிளம்பியவர் முதல் குதி முடியும்போது ஏறக்குறைய 490-இல் இருப்பார். இரண்டாவது குதியில் 615. மூன்றாவதில் 720-ஐ நெருங்குவார், கிளம்பிய வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இது தாளில் போட்ட கணக்கு. மனிதக் கைக்கு இதில் ஒரு பங்கு கழியும். கழிந்தாலும் நடைவழியில் ஒருவரைத் தாண்டிப் போக அது தாராளம்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு குதியிலும் கூடும் வேகம் முந்தைய குதியைவிடக் குறைவு: 170, பிறகு 125, பிறகு நூற்றுச் சொச்சம். வேகம் கூடக் கூட எல்லைக்கோட்டுக் கோணமும் விரியும். 640-இல் அது 60 டிகிரி. பக்கவாட்டில் தள்ளத் தள்ள முன்னோக்கிய பலன் குறையும். ஆகவே இது வானம் வரை போகும் ஓட்டை இல்லை. போகப் போக ஏற்றம் செங்குத்தாகும் மலை மாதிரி.

ஏன் குதிக்க வேண்டும், தரையிலேயே இதைச் செய்யக்கூடாதா என்று கேட்கலாம். தரையில் உராய்வு உண்டு. 320-க்கு மேல் சேர்த்ததையெல்லாம் அது சட்டென்று தின்றுவிடும். காற்றில் உராய்வு இல்லை. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது: தரையைத் தொட்ட ஃப்ரேமில் கோடு முதலில் பார்ப்பது "குதிக்கச் சொன்னானா?" என்பதை, உராய்வைக் கழிப்பது அதற்குப் பிறகுதான். அந்த ஃப்ரேமிலேயே குதித்துவிட்டால் உராய்வுக்கு வாய்ப்பே கிடைக்காது. காற்றில் இருக்கும்போதே குதிக்கும் கீயை ஒருமுறை விட்டு, மறுபடி அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். கால் பட்ட நொடியே எழும்பிவிடும்.

கை பழகுவது

கணக்கைப் படித்ததும் கணக்காகவே ஆட வேண்டும் என்று நினைக்காதீர்கள். 37 டிகிரியை யாரும் மனதில் அளந்து ஆடுவதில்லை. கையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முன்னால் போகும் கீயையும் வலப்பக்கக் கீயையும் சேர்த்துப் பிடியுங்கள், குதியுங்கள். காற்றில் இருக்கும் நேரம் முழுக்க மவுஸை வலப்பக்கம் மெல்ல இழுங்கள். தரை தொடும்போது குதித்து, வலப்பக்கக் கீயை விட்டு இடப்பக்கக் கீயைப் பிடித்து, மவுஸை இடப்பக்கம் இழுங்கள். நேராகப் போகும் பாம்பு உடம்பை வளைத்து வளைத்துப் போவதில்லையா, அந்த மாதிரி.

எல்லோரும் செய்யும் தவறு மவுஸை வெடுக்கென்று திருப்புவது. ஏன் தவறு என்று இப்போது உங்களுக்கே தெரியும்: எல்லைக்கோட்டை ஒட்டி நகர வேண்டிய கோணம் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. நிதானமான இழுப்பு, கடைசிவரை ஒரே சீராக. நான் முதல் வாரம் முழுக்க எதிரியே இல்லாத வெறும் வரைபடத்தில் இதை மட்டும் செய்துகொண்டிருந்தேன். அறைத்தோழன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தான்.

இங்கே ஒரு சின்ன விசித்திரம். 125 ஃப்ரேம் என்று மேலே சொன்னேனே, அந்த எண்ணைப் பழைய ஆட்டக்காரர்கள் மந்திரம் போலச் சொல்வார்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேகத்தை முழு எண்ணாக்கும் வேலை கோடில் நடக்கிறது. அந்த முழுமையாக்கலில் சில ஃப்ரேம் எண்ணிக்கைகளுக்கு மட்டும் பின்னம் நமக்குச் சாதகமாக விழும். குதி கொஞ்சம் உயரமாகும். 125 அப்படியொரு எண். காய்கறிக் கடையில் சில்லறையை முழு ரூபாயாக்கும்போது எப்போதும் நம் பக்கமே விழுந்தால் எப்படி இருக்கும்!

கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடியவர்களுக்குப் பன்னி ஹாப் தெரிந்திருக்கும். அதுவும் இந்தக் குடும்பம்தான். ஹாஃப்-லைஃபின் என்ஜின் முதல் குவேக்கின் என்ஜினை மாற்றிச் செய்தது, கவுண்டர்-ஸ்ட்ரைக் ஹாஃப்-லைஃபின் மேல் கட்டியது. முதல் குவேக்கில் காற்றில் இருக்கும்போது காவலர் நிழலை 320-ஓடு ஒப்பிடுவதில்லை, வெறும் 30-ஓடு ஒப்பிடுகிறார். அதனால் கோணம் ஏறக்குறைய நேர் குறுக்காக இருந்தால்தான் வேலைக்காகும். முன் கீயை விட்டுவிட்டுப் பக்கக் கீயை மட்டும் பிடித்து மவுஸை வளைப்பது அதனால்தான். ஹாஃப்-லைஃபில் பின்னாளில் வேக உச்சத்தைப் போல 1.7 மடங்குக்கு மேல் போகாமல் கடிவாளம் போட்டார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் அதை 1.2 ஆக்கி இன்னும் இறுக்கினார்கள். குறி பார்த்து, பதுங்கிச் சுடும் ஆட்டத்துக்கு அது நியாயம்தான்.

இந்த வித்தை எவ்வளவு மாற்றியது என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. முதல் குவேக்கை மிகக் கடினமான நிலையில் எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று ரசிகர்கள் கூட்டாக முயன்று பதிவு செய்தார்கள். 1997-இல் 19 நிமிடம் 49 நொடி. 2000-இல் 12 நிமிடம் 23 நொடி. இடைப்பட்ட காலத்தில் ஆட்டம் மாறவில்லை. அதில் துள்ளத் தெரிந்துகொண்டார்கள், பெரிய காரணம் அதுதான்.

கார்மாக்குக்குப் பிடிக்காத பிழை

இதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. வைத்தவருக்கே இது பிடிக்கவில்லை. குவேக் 3 உருவாகிக்கொண்டிருந்த 1999-இல் கார்மாக் தன் நாட்குறிப்பில் இதைப் பிழை என்றே எழுதினார். பல பேர் உழைத்துப் பழகிவிட்டார்கள் என்பதால் மட்டும் பிழை நியாயமாகிவிடாது என்பது அவர் கட்சி. சரிசெய்தும் பார்த்தார். நிழலுக்குப் பதில் குச்சியையே அளக்கும்படி மாற்றினால் குதித்து இறங்கும்போது ஒரு வெட்டு வெட்டியது, சாதாரண நடையே கெட்டது. விட்டுவிட்டார். அந்தத் திருத்தம் குவேக் 3-இன் கோடில் இன்றும் இருக்கிறது, இயங்காதபடி அணைத்து வைத்திருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டும் பகுதியைத் திறந்து பார்த்தால் மேலே பழைய முறை, கீழே "சரியான" முறை. இயங்குவது பழையதுதான். ஒரு முழுத் தலைமுறையின் விளையாட்டு, அணைத்து வைத்த அந்தச் சில வரிகளால் பிழைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

ராக்கெட் ஜம்பையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காலடியில் ராக்கெட்டைச் சுட்டு அந்த வெடிப்பில் மேலே பறப்பது. நம் ராக்கெட் நம்மைத் தாக்கினால் சேதத்தில் பாதிதான் கழியும், ஆனால் தள்ளும் விசை முழுதாகவே கிடைக்கும். உயிரைக் கொஞ்சம் விற்று உயரத்தை வாங்கும் வியாபாரம்.

வேகம் எதற்கு?

சும்மா வேகமாகப் போவதில் என்ன இருக்கிறது? இங்கேதான் ஆட்டத்தின் இன்னொரு பாதி வருகிறது. புதியவர்கள் குவேக்கைச் சுடும் ஆட்டம் என்று நினைக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் மோதும் டூயலில் பாதி ஆட்டம் கடிகாரம் பார்ப்பது.

வரைபடத்தில் சில இடங்களில் சிவப்புக் கவசம், மஞ்சள் கவசம், மெகா ஹெல்த் என்ற நீல உருண்டை ஆகியவை இருக்கும். சிவப்புக் கவசத்தை எடுத்தால் 100 கவசம், மெகாவை எடுத்தால் 100 உயிர். குவேக் 3-இல் கவசம் எடுத்த 25 நொடியில் அதே இடத்தில் திரும்ப முளைக்கும், மெகா 35 நொடியில். கடிகாரம் 3:10 காட்டும்போது சிவப்பை எடுத்தீர்களா? அடுத்தது 3:35. மெகாவை 3:18-க்கு எடுத்தீர்களா? 3:53. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, நடுவில் எதிரியோடும் சண்டை போட்டு, 3:34-க்குச் சிவப்பின் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? புதிதாகப் பிறந்த ஆட்டக்காரருக்கு 125 உயிர், கவசம் பூஜ்யம். ரெயில் கன் என்ற துப்பாக்கியின் ஒரு சூடு 100-ஐக் கழிக்கும். இரண்டு வாங்கினால் கதை முடிந்தது. 200 உயிரும் 200 கவசமும் சேர்த்து வைத்தவரின் கவசம் ஒவ்வொரு சூட்டிலும் 66-ஐத் தாங்கிக்கொள்ளும். அவரைச் சாய்க்க நான்கு சூடு வேண்டும். ரெயில் கன் ஒருமுறை சுட்டால் அடுத்ததற்கு ஒன்றரை நொடி ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறி பார்ப்பதில் இருவரும் சமம் என்றாலும், கடிகாரத்தை வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். ஆடுபுலி ஆட்டத்தில் வெட்டுவது கொஞ்சம்தான், எந்த மூலையில் யார் உட்கார்வது என்பதுதான் பெரிய விஷயம். இதுவும் அதுதான், என்ன, நொடிக்கு 500 அலகு வேகத்தில் நடக்கிறது.

துள்ளலும் கடிகாரமும் சேரும் இடம் இது. மெகாவிலிருந்து சிவப்புக்கு ஓடி வந்தால் ஒரு நொடி தாமதம், துள்ளி வந்தால் ஒரு நொடி முன்பே. அந்த இரண்டு நொடியில்தான் ஆட்டம் கை மாறும்.

இதை முதலில் உலகுக்குக் காட்டியவர் த்ரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங். 1997-இல் அட்லாண்டாவில் நடந்த குவேக் போட்டியின் இறுதி ஆட்டத்தை 14-க்கு மைனஸ் 1 என்று முடித்தார். மைனஸ் எப்படி வந்தது? எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை, தன்னால் தானே செத்ததற்கு ஒன்று கழிந்தது. பரிசு கார்மாக்கின் சொந்த சிவப்பு ஃபெராரி 328.

அடுத்த குவேக்குக்கு என் ஆசைகள்

இப்போது என் ஆசைகளுக்கு வருகிறேன்.

முதல் ஆசை, காவலர் நிழலையே பார்க்கட்டும். இன்றைய ஆட்டங்களில் வேகம் வேண்டும் என்றால் பாய்ச்சலுக்கு ஒரு பொத்தான், சறுக்கலுக்கு ஒரு பொத்தான் வைக்கிறார்கள். அழுத்தினால் எல்லோருக்கும் ஒரே பாய்ச்சல், பிறகு சில நொடி காத்திருப்பு. பொத்தான் தரும் வேகத்தில் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசமே இல்லை. துள்ளலில் உண்டு. இருபது வருடம் ஆடியவரின் குதியிலும் இன்னும் இரண்டு டிகிரி மிச்சம் இருக்கும். கோணத்துக்கு முடிவே இல்லாததுதான் அதன் அழகு. ஐடி சாஃப்ட்வேரின் புதிய டூம்களில் பாய்ச்சல் பொத்தான் நன்றாகவே பொருந்தியது, மறுக்கவில்லை. குவேக்குக்கு அது வேண்டாம்.

குவேக் சாம்பியன்ஸ் இந்த விஷயத்தில் பாதிக் கிணறு தாண்டியது. 2017-இல் சோதனைப் பதிப்பாக வந்து 2022-இல் முழு வெளியீடு ஆன அந்த ஆட்டம் துள்ளலை வைத்திருந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நகர்வில் வித்தியாசமும் கொடுத்தது. அனார்க்கியை எடுத்தால் காற்றிலேயே கூர்மையாகத் திரும்பலாம், ஸ்லாஷ் குனிந்து வழுக்கிக்கொண்டே போவாள். இது எனக்குப் பிடித்தது. பிடிக்காதது, ஒவ்வொருவர் கையிலும் தனிச் சக்தி ஒன்றைக் கொடுத்தது. கடிகாரத்தை நான் சரியாக வைத்திருந்தும் எதிரி ஒரு பொத்தானை அழுத்தி என் 25 நொடி உழைப்பைக் கரைத்துவிட்டால் கோபம் வருமா வராதா? நால்வர் நால்வராக ஆடும்போது இருக்கட்டும். டூயலில் இருவரும் வெறுங்கையோடு நிற்கட்டும்.

இரண்டாவது ஆசைதான் எனக்கு முக்கியமானது. இந்த வகை ஆட்டத்துக்கு ஏன் ஆள் சேரவில்லை? ரிஃப்ளெக்ஸ் அரீனா வந்தது, டயபாட்டிக்கல் வந்தது. அக்கறையோடு செய்த ஆட்டங்கள்தான், சர்வர்கள் காலியாகின. காரணம் எளிது. புதியவர் முதல் ஆட்டத்தில் 30-க்கு 0 என்று தோற்பார். ஏன் தோற்றோம் என்றுகூட அவருக்குப் புரியாது. நிழல் கணக்கும் தெரியாது, 25 நொடியும் தெரியாது, ஆட்டத்துக்குள் யாரும் சொல்லித் தருவதும் இல்லை. குழு ஆட்டத்தில் தோற்றால் கூட ஆடியவன் மேல் பழி போடலாம். டூயலில் அந்தச் சுகமும் கிடையாது. மூன்று நாளில் அழித்துவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இதற்கு மருந்து ரசிகர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குவேக் 3-க்கு டிஃப்ராக் என்றொரு மாட், அதாவது ரசிகர்கள் ஆட்டத்தை மாற்றிச் செய்த வடிவம், உண்டு. அதில் யாரும் யாரையும் சுடுவதில்லை. தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை, பள்ளங்களையும் மேடைகளையும் தாண்டி எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதே போட்டி. திரை நடுவில் ஒரு பட்டை வரும். எந்தக் கோணத்தில் இருந்தால் வேகம் கூடும் என்பதை நிறத்தால் காட்டும். நான் இத்தனை பத்தியில் சொன்ன கொசைன் கணக்கை அந்தப் பட்டை ஒரு பார்வையில் சொல்லிவிடும். குறிமுள்ளைப் பட்டையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு மவுஸை இழுத்தால் போதும், வேக எண் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்த குவேக்கை நிறுவியதும் முதலில் திறக்க வேண்டியது இந்த மாதிரி ஓர் ஓட்டப்பந்தயம்தான் என்பது என் வாதம். கொலை இல்லை, அவமானம் இல்லை. நேற்று 14 நொடியில் முடித்ததை இன்று 13.6-இல் முடிப்பது மட்டும். ஒரு மாதம் இதை ஆடியவர் டூயலுக்குள் வந்தால் தோற்பார்தான், ஆனால் எதனால் தோற்றோம் என்று அவருக்குத் தெரியும். வேகக் கணக்கு பிடித்துப்போய்ப் பந்தயத்திலேயே தங்கிவிடுகிறவர்களும் இருப்பார்கள். இருக்கட்டுமே, சர்வர் நிறையும்.

மூன்றாவது, பூட்டுப் போடாதீர்கள். முதல் குவேக்கின் சோர்ஸ் கோடு 1999 டிசம்பரில் வெளியானது. அன்றிலிருந்து இன்றுவரை ரசிகர்கள் அதற்குப் புது வரைபடம் செய்துகொண்டே இருக்கிறார்கள். ட்ரெஞ்ச்ப்ரூம் என்ற இலவச எடிட்டரை இறக்கிக்கொண்டால் யாரும் ஒரு சனி ஞாயிறில் ஓர் அறையைக் கட்டி அதற்குள் நடந்து பார்க்கலாம். டீம் ஃபோர்ட்ரெஸ் பிறந்ததே குவேக்கின் மாடாகத்தான். இப்போது வரும் பெரிய ஆட்டங்களில் சர்வர் கம்பெனியின் கையில், வரைபடம் கம்பெனியின் கையில். அவர்கள் சுவிட்சை அணைத்தால் ஆட்டமே இல்லை. சொந்த சர்வர் நடத்தும் உரிமையும் எடிட்டரும் முதல் நாளிலேயே வேண்டும்.

தனியாள் கதைப் பகுதிக்கு எனக்குப் பெரிய கோரிக்கை இல்லை. ரசிகர்களிடையே ஒரு தீராத சண்டை உண்டு: முதல் பாகத்தின் இருண்ட கோட்டைகளுக்குத் திரும்புவதா, இரண்டாம் பாகத்தின் ஸ்ட்ராக் என்ற இயந்திர மனிதர்களிடம் போவதா? நான் கோட்டைக் கட்சி. ஒரு கையில் மரம் அறுக்கும் ரம்பமும் இன்னொரு கையில் குண்டு எறியும் துப்பாக்கியுமாக வரும் ஓகர், மூலை திரும்பியதும் மின்னலை வீசும் ஷாம்ப்ளர். இவை எந்த உலகத்தைச் சேர்ந்தவை என்று யாரும் விளக்கவில்லை, விளக்காததே பயமாக இருந்தது.

முடிக்குமுன், பழகத் தொடங்குகிறவர்களுக்கு ஓர் இடத்தைக் காட்டிவிடுகிறேன். குவேக் 3-இன் ஆறாம் வரைபடமான கேம்பிங் கிரவுண்ட்ஸில் ஒரு பாலம் இருக்கிறது. பாலத்திலிருந்து பார்த்தால் எட்டாத தூரத்தில் ஒரு மேடை, அதன்மேல் ரெயில் கன். வெறுமனே ஓடிக் குதித்தால் கீழே விழுவீர்கள். பாலத்தின் மேல் ஓட்டத்தைத் தொடங்கி, ஓரத்தில் எழும்பி, காற்றில் மவுஸைச் சீராக இழுத்தால் மேடையின் விளிம்பில் கால் படும். எனக்கு எத்தனை முறை தவறியது என்று எண்ணவில்லை. இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் இரவு, நிஜ ஆட்டத்தின் நடுவில், யோசிக்காமல் குதித்தேன், போய் நின்றேன். பக்கத்து அறையிலிருந்து "டேய்!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் அவன் கீழேயிருந்து ஒரு ராக்கெட்டை அனுப்பி என்னை மேடையிலிருந்து தள்ளிவிட்டு, ரெயில் கன்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.